மனப்பாடம் ஆயிரம், கடிதத்தில் ஒன்றும் இல்லை

கேள்வி: ஐயா, விருதுநகரில் மிளகாய் வற்றலும் மல்லியும் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துக்கொள்கிறேன். தமிழ் வழியில் பி.காம். படித்தவள். என் ஆங்கிலக் கடிதங்களில் தப்பு குறைவு, ஆனால் வளவளவென்று இருக்கின்றன என்கிறார் மேலாளர். நாலு வார்த்தையில் சொல்வதை ஒரே வார்த்தையில் சொல்லப் பழகும்மா என்றார். அதற்காக 'ஒன் வேர்டு சப்ஸ்டிடியூஷன்' புத்தகம் ஒன்றை வாங்கித் தினமும் ஒரு பக்கம் மனப்பாடம் செய்தேன். பாதி மறந்துவிட்டது. மறக்காத பாதி, கடிதம் எழுத உட்கார்ந்தால் வருவதில்லை. ஒருமுறை துணிந்து, ஓயாமல் பேசும் வாடிக்கையாளர் ஒருவரை 'லொக்வேஷஸ்' என்று எழுதினேன். மேலாளர் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார். அதே புத்தகத்தை வைத்துத்தான் என் தம்பி எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறான். மாதிரித் தேர்வுகளில் அவனுக்கு மதிப்பெண் வருகிறது. எனக்கு மட்டும் ஏன் பயன்படவில்லை? என் கடிதம் ஒன்றின் நகலை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, விருதுநகர்

பதில்: உங்களுக்கும் தம்பிக்கும் புத்தகம் ஒன்றுதான், வேலை வேறு. அவனுக்குச் சொற்றொடரைக் கொடுத்து, பக்கத்தில் நான்கு சொற்களையும் கொடுத்துவிடுகிறார்கள். பார்த்த முகம் எது என்று சுட்டிக்காட்டினால் போதும். நீங்கள் வெள்ளைத் திரைமுன் உட்காருகிறீர்கள். அங்கே நான்கு விடைகளை யாரும் நீட்டுவதில்லை. அடையாளம் காண்பதற்குப் படிக்கும் முறையில் படித்துவிட்டு, தேவையான நேரத்தில் சொல் தானாக வர வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள்.

அந்தப் புத்தகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அண்ணன் தம்பியைக் கொன்றவன், அரசனைக் கொன்றவன், தூக்கத்தில் நடப்பவன், மனித குலத்தையே வெறுப்பவன், இரண்டு கையாலும் எழுதுபவன். மிளகாய் வற்றல் ஏற்றுமதிக் கடிதத்துக்குள் இவர்களில் ஒருவர்கூட வரப்போவதில்லை. தூக்கத்தில் நடப்பவனுக்குப் புத்தகம் தரும் சொல் 'சோம்னாம்புலிஸ்ட்'. லண்டனில் பிறந்து வளர்ந்தவர்கூட அவனை 'ஸ்லீப்வாக்கர்' என்றுதான் சொல்வார். 'லொக்வேஷஸ்' விஷயமும் இதுவே. அதே பொருளில் 'டாக்கடிவ்' என்ற ஒற்றைச் சொல் உங்களுக்கு முன்பே தெரியும். (வாடிக்கையாளர் அதிகம் பேசுகிறார் என்பதை எந்தச் சொல்லாலும் கடிதத்தில் எழுதாமல் இருப்பது வியாபாரத்துக்கு நல்லது.)

உங்கள் கடித நகலுக்கு வருகிறேன். முதல் பத்தியிலேயே 'டியூ டு தி ஃபேக்ட் தட்' இருக்கிறது. அந்த இடத்தில் 'பிகாஸ்' போதும். 'இன் தி ஈவென்ட் தட்' என்றால் 'இஃப்'. 'அட் திஸ் பாயின்ட் ஆஃப் டைம்' என்றால் 'நௌ'. கவனியுங்கள், மாற்றாக வந்த மூன்றும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தவை. மேலாளர் கேட்ட ஒற்றைச் சொற்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. புதிய சொல் ஒன்றுகூடப் படிக்காமல் உங்கள் கடிதத்தின் கணிசமான பகுதியைக் குறைத்துவிடலாம்.

அடுத்து, 'டேக் எ டிசிஷன்', 'கண்டக்ட் அன் இன்ஸ்பெக்ஷன் ஆஃப்', 'கிவ் அன் எக்ஸ்பிளனேஷன்' என்று வரிசையாக வருகின்றன. இவற்றில் உண்மையான வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அதன் வேலையைச் செய்ய 'டேக்', 'கண்டக்ட்', 'கிவ்' என்று ஒரு கூலியாளை அமர்த்தியிருக்கிறீர்கள். உட்கார்ந்திருப்பவரையே எழுப்பி வேலை வாங்குங்கள்: 'டிசைட்', 'இன்ஸ்பெக்ட்', 'எக்ஸ்பிளெய்ன்'. இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. 'ஆய்வு செய்தார்கள்' என்பதற்கு 'ஆய்வுப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன' என்று எழுதும் நம் அலுவலகத் தமிழும் இதே படுக்கையில்தான் கிடக்கிறது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களின் கடித நடை தாங்க முடியாமல் போய், அவர்களுக்கு எளிமையாக எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று அந்நாட்டுக் கருவூலத் துறை சர் எர்னஸ்ட் கவர்ஸைக் கேட்டுக்கொண்டது. 1948இல் 'பிளெய்ன் வேர்ட்ஸ்' என்ற சிறு நூல் அப்படி வந்தது. நம் அலுவலகங்களில் இன்றும் 'வீ ஆர் இன் ரிசீட் ஆஃப்' என்று கடிதம் தொடங்குவது, கவர்ஸ் கழித்துக் கட்ட முயன்ற அந்தப் பழைய நடைதான். 'வீ ஹாவ் ரிசீவ்டு' என்று எழுதுங்கள்.

தப்பு குறைவு என்று மேலாளர் சொன்னதை மட்டும் நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். 'டிஸ்கஸ்டு அபௌட் தி ரேட்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'மென்ஷன்டு அபௌட் தி டிலே' இருக்கிறது. லாரி 'ரீச்டு டு தூத்துக்குடி' என்கிறீர்கள். சரக்கை 'ரிட்டர்ன் பேக்' செய்கிறீர்கள். இவை எங்கிருந்து வருகின்றன என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. நாம் விலையைப் பற்றிப் பேசுகிறோம், தாமதத்தைப் பற்றிக் குறிப்பிடுகிறோம், தூத்துக்குடிக்குப் போய்ச் சேருகிறோம், சரக்கைத் திருப்பி அனுப்புகிறோம். அந்த 'பற்றி', அந்த 'கு', அந்த 'திருப்பி' எல்லாம் ஆங்கிலத்திலும் தனியாக நிற்க வேண்டும் என்று மனம் கேட்கிறது.

ஆனால் அந்த வினைச்சொற்கள் அவற்றை முன்பே விழுங்கிவிட்டன. 'டாக் அபௌட்' என்ற இரண்டு சொல்லின் இடத்தில் நிற்பது 'டிஸ்கஸ்'. 'கெட் டு' என்பதன் இடத்தில் 'ரீச்'. 'கோ பேக்', 'செண்ட் பேக்' இரண்டின் இடத்திலும் 'ரிட்டர்ன்'. 'ஆஸ்க் ஃபார்' இருந்த இடத்தில் 'ரிக்வெஸ்ட்', 'கோ இன்டு' இருந்த இடத்தில் 'என்டர்', 'லுக் லைக்' இருந்த இடத்தில் 'ரிசெம்பிள்'. தேர்வுப் புத்தகங்கள் இவற்றை ஒற்றைச்சொல் மாற்று என்று சேர்ப்பதே இல்லை. என் கணக்கில் உங்களுக்கு மிகவும் தேவையான மாற்றுகள் இவைதாம். ஒற்றைச் சொல்லைப் போட்டபின் பழைய ஒட்டையும் கூடவே வைத்துக்கொள்வது, வாடகை வீட்டைக் காலி செய்தபிறகும் வாடகை கட்டுவது போன்றது.

ஒரு சிக்கல் உண்டு. இதே சொற்கள் பெயர்ச்சொல்லாக மாறும்போது ஒட்டு திரும்ப வந்துவிடும். 'டிஸ்கஸ் தி ரேட்' சரி. 'எ டிஸ்கஷன் அபௌட் தி ரேட்' என்பதும் சரி. 'ரிக்வெஸ்ட் எ சாம்பிள்' சரி. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் எ சாம்பிள்' என்பதும் சரி. குழப்பம் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது. கிடங்குக்குள் நுழையும்போது 'என்டர்' மட்டும் போதும், ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' என்றே சொல்ல வேண்டும். இப்படிச் சிலவற்றைத் தனித்தனியாகத்தான் பழக வேண்டும்.

'போஸ்ட்போன்' தெரிந்தபின் 'புட் ஆஃப்' எழுதலாமா, கூடாதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் புத்தகத்தை முழுதாக நம்பினால், கூடவே கூடாது என்ற தப்பான முடிவில் விழுவீர்கள். 1066இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் பல தலைமுறைகளுக்கு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, மடாலயத்தில் லத்தீன், வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலம் என்று மூன்றும் ஒரே ஊரில் குடியிருந்தன. அதனால்தான் ஒரே செயலுக்கு அங்கே பல அடுக்குகள். கேட்பது 'ஆஸ்க்', அது வீட்டுச் சொல். 'க்வெஸ்சன்' பிரெஞ்சு வழியில் வந்தது. 'இன்டராகேட்' லத்தீன் தந்தது, அதைக் கேட்டாலே காவல் நிலையம் நினைவுக்கு வரும். 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்' எல்லாம் அடுப்படியைச் சேர்ந்தவை. 'போஸ்ட்போன்', 'எக்ஸ்டிங்விஷ்', 'டாலரேட்' மாடியில் இருந்தவை. சிவப்பு உருளையின் மேல் 'ஃபயர் எக்ஸ்டிங்விஷர்' என்று எழுதியிருக்கும். அடுப்பில் தீப்பிடித்தால் 'புட் இட் அவுட்' என்றுதான் கத்துவார்கள்.

ஃபௌலர் சகோதரர்கள் ஹென்றியும் ஃபிரான்சிஸும் 1906இல் 'தி கிங்ஸ் இங்லிஷ்' என்ற நூலை வெளியிட்டார்கள். தொடக்கத்திலேயே சில விதிகள் தந்திருக்கிறார்கள். சுற்றிவளைக்காமல் ஒற்றைச் சொல்லைத் தேர்ந்தெடு என்பது அதில் ஒன்று. லத்தீன் வழிச் சொல்லைவிடப் பழைய ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடு என்பது இன்னொன்று. 'புட் அப் வித்' என்பதை 'டாலரேட்' ஆக்கினால் முதல் விதிக்கு மகிழ்ச்சி, இரண்டாவதற்கு வருத்தம். நான் பின்பற்றும் வழக்கம் இதுதான்: பேச்சிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் 'புட் ஆஃப்', ஒப்பந்தத்திலும் வெளிநாட்டுக் கடிதத்திலும் 'போஸ்ட்போன்'. இரண்டும் சுருக்கமானவைதான். 'டியூ டு தி ஃபேக்ட் தட்' போன்ற வெறும் பஞ்சைத்தான் பிய்த்தெறிய வேண்டும்.

சில ஒற்றைச் சொற்கள் அளவு பொருந்தாத சட்டை போல இருக்கும். கைராசி டாக்டரின் எழுத்து 'இல்லெஜிபிள்', எழுத்தே புரியவில்லை என்று பொருள். அதையே 'அன்ரீடபிள்' என்றால் எழுத்து புரியவில்லை என்றும் இருக்கலாம், படிக்கச் சகிக்கவில்லை என்றும் இருக்கலாம். சங்கத் தேர்தலில் எதிர்த்து யாரும் நிற்காமல் ஒருவர் தலைவரானால் அது 'அன்அப்போஸ்டு'. எல்லோரும் வாக்களித்து, எல்லா வாக்கும் அவருக்கே விழுந்தால்தான் 'யுனானிமஸ்'. நம் செய்தித்தாள்களும் போட்டியின்றி என்பதற்கும் ஏகமனதாக என்பதற்கும் நடுவே அடிக்கடி தடுமாறுகின்றன. தேர்வுப் புத்தகங்களில் மணமாகாத மூத்த பெண்ணுக்கு 'ஸ்பின்ஸ்டர்' என்று இன்னமும் அச்சிடுகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணப் பதிவேட்டிலிருந்தே அந்தச் சொல்லை 2005 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். இப்போது மணமகன், மணமகள் இருவருக்கும் 'சிங்கிள்' என்ற ஒரே சொல். நேரில் ஒரு பெண்ணை 'ஸ்பின்ஸ்டர்' என்றால் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார். தம்பியிடம் சொல்லிவையுங்கள், விடைத்தாளில் குறிக்கட்டும், வாயால் சொல்ல வேண்டாம்.

ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லாத இடங்களும் உண்டு, அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மனைவியின் தங்கை கணவரை நாம் சகலை என்று முடித்துவிடுவோம். ஆங்கிலேயர் மூன்று சொல் செலவழித்தாக வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்காமல்தான் நம்மவர்கள் 'கோ-பிரதர்' செய்தார்கள். ஊருக்கு வெளியே அது செல்லாது. 'ப்ரீபோன்' கதை வேறு. 'பிரிங் ஃபார்வர்டு' என்பதன் இடத்தில் இந்தியர்கள் பழக்கிவிட்ட சொல் அது, இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. சென்னைக்கும் மும்பைக்கும் கூசாமல் எழுதுங்கள். ஹாம்பர்க்கில் இருக்கும் வாடிக்கையாளருக்குச் சரக்கு முன்கூட்டியே வருகிறது என்று சொல்ல 'பிரிங் ஃபார்வர்டு' போடுங்கள், அவர் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்காது.

மறதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த முதல் நாளுக்குள்தான் பெரும்பகுதி கரைகிறது, பிறகு கரைவது மெதுவாகிறது. எனவே தினமும் புதுப் பக்கம் புரட்டுவதைவிட, நேற்றைய பக்கத்தை இன்றும், பிறகு நான்கு நாள் கழித்தும், பிறகு இரண்டு வாரம் கழித்தும் திரும்பப் பார்ப்பது மேல். பொருளோடு கட்டிய சொல் இன்னும் நன்றாக நிற்கும். 'இன்டெலிபிள்' என்றால் அழியாதது என்று பத்துமுறை எழுதுவதைவிட, வாக்களித்துவிட்டு வந்து விரலைப் பாருங்கள். 1962 தேர்தலிலிருந்து மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் தயாரிக்கும் அந்த மைக்குப் பெயரே 'இன்டெலிபிள் இங்க்'. குடியரசு தின விருதுப் பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'போஸ்துமஸ்' என்று போட்டிருப்பார்கள், மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது என்று பொருள். அங்கே பார்த்த சொல் மறக்காது.

படிக்கும் முறையைச் சொல்கிறேன். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். நம் நாட்டுப் பிள்ளைகள் ஆங்கில அகராதியில் ஒரு சொல்லைத் தேடிப்போனால், அந்த விளக்கத்திலேயே தெரியாத சொல் நாலு இருப்பதைக் கண்டார். 1935இல் அவரும் ஜே.ஜி. எண்டிகாட்டும் வெளியிட்ட அகராதியில் எல்லாச் சொல்லுக்கும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதினார்கள். 1978இல் வந்த லாங்மன் அகராதி இதே வழியில் ஏறத்தாழ 2,000 சொற்களை வைத்துக்கொண்டது. அதாவது இந்த மாணவர் அகராதிகள் ஒவ்வொரு ஒற்றைச் சொல்லையும், நீங்கள் எழுதக்கூடிய எளிய ஆங்கிலச் சொற்றொடராக அவிழ்த்து வைத்திருக்கின்றன. அதைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். தலைச்சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு விளக்கத்தை மட்டும் படியுங்கள், சொல் எதுவாக இருக்கும் என்று யோசியுங்கள், பிறகு விரலை எடுங்கள். இதில் யாரும் நான்கு விடை தருவதில்லை. கடிதம் எழுதும்போது தேவைப்படும் அதே பயிற்சி இது.

எந்தச் சொல்லை எடுப்பது என்றால், அதை அகராதி முடிவு செய்ய வேண்டாம், உங்கள் கடிதங்கள் முடிவு செய்யட்டும். அனுப்பிய கடிதங்களின் கோப்பைத் திறந்து, நீங்கள் திரும்பத் திரும்ப எழுதும் நீளமான சொற்றொடர்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். 'தி குட்ஸ் விச் கேன் கெட் ஸ்பாயில்ட் ஈஸிலி' என்று உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. அதற்குப் 'பெரிஷபிள்' என்ற சொல் உண்டு, சரக்கு அனுப்புகிறவர்கள் எல்லோரும் அறிந்தது. கப்பல் துறையும் சுங்கத் துறையும் ஒற்றைச் சொற்களால் ஆனவை, 'கன்சைனீ', 'டிமரேஜ்', 'இன்டெம்னிட்டி' என்று உங்கள் மேசையிலேயே வந்து விழுந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று சரியாக இடம்பிடித்துவிட்டால், அரசனைக் கொன்றவன் பத்துப் பேருக்குச் சமம்.

தம்பிக்கு வேறு வழி. அவனுக்கு வேர்ச்சொற்கள் உதவும். நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய 'வேர்டு பவர் மேட் ஈஸி' அந்த வழியில் நடத்திச் செல்லும் புத்தகம், பழைய புத்தகக் கடைகளில் எங்கும் கிடைக்கும். 'சைட்' என்று முடிந்தால் கொலை, 'கிரசி' என்றால் ஆட்சி, 'ஃபோபியா' என்றால் பயம் என்று தெரிந்தால் நான்கில் இரண்டு விடைகளைக் கழித்துவிடலாம். இந்த வேர்களிலிருந்து இருபதாம் நூற்றாண்டிலும் சொற்கள் பிறந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் கொடுமைகளைப் பெயரில்லாத குற்றம் என்று 1941இல் வானொலியில் சொன்னார் சர்ச்சில். போலந்தைச் சேர்ந்த சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின், இனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் கொலை என்று பொருள்படும் லத்தீன் ஒட்டையும் சேர்த்து 'ஜெனோசைட்' என்ற சொல்லை உண்டாக்கி 1944இல் தன் நூலில் வெளியிட்டார். 1948 டிசம்பர் 9இல் ஐ.நா. பொதுச்சபை அந்தக் குற்றத்துக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இனப்படுகொலை என்று நாம் சொல்வது அதைத்தான். ஒற்றைச் சொல்லின் வலிமைக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வேர்கள் காலையும் வாரும். 'ஹோமிசைட்' என்பதில் உள்ள 'ஹோமோ' லத்தீனில் மனிதன், 'ஹோமோஜீனியஸ்' என்பதில் உள்ள 'ஹோமோ' கிரேக்கத்தில் ஒரே மாதிரி. 'பெடஸ்ட்ரியன்' பாதத்தோடு போகிறது, 'பீடியாட்ரிஷியன்' குழந்தையோடு போகிறது. வேரை மட்டும் நம்பி ஊகிக்கும் பழக்கம் தம்பிக்கு இருந்தால் கண்டியுங்கள். எஸ்.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் ஒவ்வொரு தப்பான விடைக்கும் அரை மதிப்பெண் கழிப்பார்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் வந்தவற்றை முதலில் முடிக்கச் சொல்லுங்கள், அவையே சுற்றிச் சுற்றி வரும்.

நீங்கள் அந்தப் புத்தகத்தை அவனிடமே கொடுத்துவிடுங்கள், இன்னொரு பட்டியல் புத்தகமும் வாங்க வேண்டாம். லாங்மனோ ஆக்ஸ்ஃபோர்டோ, ஏதாவது ஒரு மாணவர் அகராதி வாங்குங்கள். ஒரு மாதம் உங்கள் கடிதங்களைத் திருத்திப் பாருங்கள். பிறகு திருத்தும் முன்னும் திருத்திய பின்னுமாக ஒரே கடிதத்தின் இரண்டு நகல்களை எனக்கு அனுப்புங்கள், வாடிக்கையாளர் பெயரை மட்டும் அடித்துவிட்டு.